மூன்றாவது வரி

காலையில் எழுந்தேன். மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பியதும் அணைத்தேன். பல் தேய்த்தேன், குளித்தேன். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மெல்லிய சட்டை வேண்டாம், தண்ணீர் தெறிக்கும் என்று ஓர் அதிகாரி தொலைபேசியில் சொல்லியிருந்தார். நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன். வாசலில் கார் வந்து நின்றது. வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

காரில் ஓட்டுநர் இல்லை. இப்போது எதிலும் இல்லை. பின் இருக்கையில் ரஹ்மத் நிஷா உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் பேசிய அண்மைத் துறை அதிகாரி; ஒரு சாவுக்கு எந்த ஊர் அருகில் என்று அளக்கும் துறை. மடியில் ஒரு செம்பு வைத்திருந்தார்.

"சாப்டீங்களா சார்?"

"சாப்டேன்."

"எல்லார்ட்டயும் கேக்கேன். இல்லைன்னு ஒருத்தர் கூடச் சொன்னதில்ல."

கார் பாளையங்கோட்டையைத் தாண்டியது.

என் மனைவி ஹெப்சி கோடையில் இறந்தாள். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களை ஒட்டிப் போகும் சரக்குச் சாலையில். அவள் நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சோதிப்பவள். சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி மோதியது. எது என்று யாருக்கும் தெரியாது. ஆளில்லாத லாரிகள் வரிசை வரிசையாகப் போகும் சாலை அது. உப்புக்காற்று அடிக்கும் நேரத்தில் அவற்றின் கேமராக் கண்ணாடிகளில் உப்புப் படிந்துவிடும். மோதிய லாரிக்கே மோதியது தெரியவில்லை. எதன் நினைவிலும் ஹெப்சி பதிவாகவில்லை. செய்தவர் இல்லாத மரணம் என்று நீதிமன்றம் எழுதியது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். ஆம்புலன்ஸ்காரர், என் பெயரைச் சொன்னாள் என்றார். எங்கள் சபை ஐயர், கர்த்தரைக் கூப்பிட்டாள் என்றார். அவளுடைய சித்தி, அம்மா என்றாள் என்றார். மூவரும் அப்போது அங்கே இல்லை. நான் மூவருக்கும் தலையாட்டினேன்.

"சட்டம் என்னன்னு உங்களுக்குச் சொல்லணும்," என்றார் ரஹ்மத் நிஷா. "நீங்க கிறிஸ்தவங்க. இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்."

"மோசேயோட சட்டம். வெளியில ஒரு பிணம் கெடக்கும். கொன்னது யாருன்னு தெரியாது. மூப்பர்கள் வந்து சுத்தியிருக்கிற ஊருக்கெல்லாம் தூரத்தை அளப்பாங்க. எது கிட்டயோ அந்த ஊர்க்காரங்க ஒரு இளம் பசுவை உழாத பள்ளத்துக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறிப்பாங்க. அது மேல கை கழுவுவாங்க. நாங்க செய்யல, பாக்கலன்னு சொல்லுவாங்க."

"அதேதான். இங்க சட்டம் போட்டவங்க பசுவை மட்டும் வேண்டாம்னுட்டாங்க. முன்னாடியெல்லாம் லாரியில ஒரு மனுசன் இருந்தான். அடிச்சான்னா ஓடினான், புடிபட்டான், அழுதான். இப்ப ஆளே இல்ல. ஒரு சாவுக்கு ஒருத்தர் கூடப் பதில் சொல்லாம இருந்தா எப்படின்னு கேட்டாங்க. அதான் கிட்ட இருக்கிற ஊர் பதில் சொல்லணும். மூணு வரி: செய்யல, பாக்கல, வந்தவங்களைச் சும்மா அனுப்பல. உங்க வீட்டம்மா சார்பா நீங்க அவங்க கையில தண்ணி ஊத்தணும்."

"மூணாவது வரி எதுக்கு?"

"அதுவும் பழசுதான். பின்னாடி வந்த யூத குருமாருங்க கேட்டாங்களாம்: ஊர்ப் பெரியவங்க கொலைகாரங்கன்னு யாராவது நெனைப்பாங்களா? அப்புறம் எதுக்குக் கை கழுவணும்? அவங்களே பதிலும் சொன்னாங்க. எங்ககிட்ட வந்த ஆளைச் சோறு போடாம, வழித்துணை இல்லாம நாங்க அனுப்பலன்னு சொல்லத்தான் அதுன்னு."

பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவு.

"இது பொய்யைக் கண்டுபிடிக்காது சார். தான் சொல்றதைத் தானே நம்பலேன்னா குரல்ல ஒரு இழுப்பு வரும். அப்பச் சொடுக்கும். ஒருத்தருக்குச் சொடுக்கினாலும் அந்த ஊர் பஸ் நிறுத்தத்தை எடுத்துருவாங்க. அஞ்சு வருஷம். தண்ணி லாரியும் அந்த நிறுத்தத்துக்குத்தான் வரும்."

"அப்ப ஊரே போயிரும்."

"ஆமா," என்றார். செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊரின் பெயர் கீழ உப்போடை. காரிலிருந்து பார்த்தபோது முதலில் எனக்கு என்ன விசித்திரம் என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. சாலையைப் பார்த்த சுவர்களில் சன்னல் இல்லை. இருந்த சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சில இடங்களில் பூச்சு இன்னும் காயவில்லை.

ஊர்த் தலைவர் லிங்கதுரை ஓடி வந்து கும்பிட்டார். வேட்டி மடிப்பு கலையவில்லை.

"வாங்க சார். எல்லாம் தயாரா இருக்கு. எங்க ஊர்ல ஒரு கொறை வராது. இங்க யாரும் ரோட்டைப் பாக்கிறதே இல்ல. பழக்கியிருக்கோம்லா."

"என்ன பழக்கியிருக்கீங்க?" என்றார் ரஹ்மத் நிஷா.

"பாக்காம இருக்கத்தான். பாத்தாத்தானே மேடம் பொய் சொல்லணும்?" பிறகு என் பக்கம் திரும்பாமல் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "உள்ளதைச் சொல்லுதேன், அந்தப் பொண்ணு நாலு எட்டு வடக்க தள்ளி விழுந்திருந்தா இது பக்கத்து ஊரு சோலி."

"இவர்தான் அவங்க வீட்டுக்காரர்."

லிங்கதுரையின் கை வாய்க்குப் போனது. நான் பரவாயில்லை என்றேன். பழக்கத்தில் வருகிற சொல்.

உப்பளத்துக்கு அப்பால் எதுவும் விளையாத தரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏர் படாத மண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஊரில் அதற்குத் தேட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர். ஊர் வரிசையில் நின்றது. நான் செம்பைக் குடத்தில் முக்கி எடுத்தேன்.

முதல் கை லிங்கதுரையுடையது. ஊற்றினேன். அவர் கருவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"எங்கள் கைகள் இதைச் செய்யவில்லை. எங்கள் கண்கள் இதைப் பார்க்கவில்லை. எங்களிடம் வந்தவரை உணவும் துணையும் இல்லாமல் நாங்கள் அனுப்பவில்லை."

கருவி சும்மா இருந்தது. அடுத்த கை.

கைகளை மட்டும் பார்த்தேன். பெரும்பாலும் உப்பு அரித்த கைகள். விரல் இடுக்குகள் வெடித்திருந்தன, தண்ணீர் பட்டதும் சுருங்கின. மருதாணி போட்ட கை ஒன்று. மோதிரம் கழலாத கை ஒன்று. ஒரு பெரியவர், "தண்ணி சுடுதே தம்பி," என்றார். ஒரு பெண் மூன்று வரியும் சொல்லி முடித்துவிட்டு, கருவியிலிருந்து முகத்தைத் திருப்பி, "தங்கமான பிள்ளை மாதிரி இருந்துச்சாமே," என்று என்னிடம் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

ஒருவருக்கும் சொடுக்கவில்லை.

"மூணாவது வரி எப்படி எல்லாரும் சொல்றாங்க?" என்று ரஹ்மத் நிஷாவிடம் கேட்டேன்.

"எங்களிடம் வந்தவரைன்னுதானே சார் இருக்கு. கதவு தொறக்காத வீட்டுக்கு யாரு வருவா? அவங்க மனசுக்கு அது பொய்யே இல்ல."

வரிசை முடியப் போகும்போது லிங்கதுரை குரல் கொடுத்தார். "இசக்கி, நீ கடைசில வா. மெஷின் பயந்துராம."

கூட்டம் சிரித்தது.

"ஏன் பிரசிடெண்டு, உம்ம வீட்டுச் சன்னலை அடச்ச மாதிரி என் வாயையும் அடைக்கணுமோ?" என்றபடி ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில்லாத ரவிக்கை மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீயும் இட்லியும் விற்பவள் என்று ரஹ்மத் நிஷா சொன்னார். ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒரே கடை அவளுடையது.

கைகளை நீட்டினாள். சுத்தமான கைகள். ஏற்கெனவே கழுவிவிட்டு வந்திருந்தாள்.

முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதை மூச்சு விடாமல் வேகமாகச் சொன்னாள்.

கருவி சொடுக்கியது. சின்னச் சத்தம்தான். எல்லோருக்கும் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லலாம்," என்றார் ரஹ்மத் நிஷா.

மெதுவாகச் சொன்னாள். மறுபடி சொடுக்கியது.

"ஏ இசக்கி! மூணு வரியச் சொல்லத் தெரியலையா ஒனக்கு?"

"அன்னைக்கே சொன்னோம்லா, கடையச் சாத்துன்னு. கேட்டாளா மகராசி?"

"ஊரையே கவுத்துட்டா!"

அவள் ஈரக் கையைத் துடைக்காமல் நீட்டியபடியே நின்றாள். லிங்கதுரை என் முன்னால் வந்து கும்பிட்டார். இந்த முறை வேட்டி மடிப்பு கலைந்திருந்தது.

"ஐயா, எழுபது வீடு. தண்ணி வராட்டா நாங்க எங்க போவோம்? இவ ஒருத்தி என்ன செஞ்சாளோ, இவளை வேணா ஊரை விட்டு அனுப்பிருதோம். இன்னைக்கே."

ரஹ்மத் நிஷா என்னைத் தனியே அழைத்தார். "சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு, இனி உங்க கையிலதான் சார். நீங்க அவங்ககிட்ட தனியாக் கேக்கலாம். கேட்டுட்டு மறுபடி அவங்க கையில தண்ணி ஊத்தினீங்கன்னா ஊர் சுத்தம்னு எழுதிருவேன். ஊத்தலைன்னா நிறுத்தம் போயிரும். காரணம் சொல்ல வேண்டாம்."

அவள் கடைக்குப் போனோம். ஒரு பெஞ்சு. ஓர் அடுப்பு. ஆணியில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று தொங்கியது. நான் உட்கார்ந்தேன். அவள் நின்றாள்.

"உக்காருங்க," என்றேன்.

"இருக்கட்டும்யா."

"அவ இங்க வந்தாளா?"

"வந்தாவ. ஊர்ல எல்லாக் கதவையும் தட்டிட்டுத்தான் வந்தாவ. குடிக்கத் தண்ணி கேட்டாவ. நம்ம கெணத்துத் தண்ணிய மோந்தேன். வாங்குனவுக அதுல ஒரு குச்சிய விட்டுப் பாத்துட்டு, அக்கா, நீங்க இதையா குடிக்கிறீங்கன்னு என்னயத் திட்டுதாவ. தாகத்துக்குக் கேட்ட ஆளு, குடிக்க மறந்துட்டு என்னயத் திட்டுதாவ!"

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்புறம் லாரித் தண்ணி குடுத்தேன். ரெண்டு இட்லி போதும்னாவ. நாலு வச்சேன். நாலும் போச்சு. வெயில் தாழட்டும்னு இந்தப் பெஞ்சுலதான் இருந்தாவ. உங்களப் பத்திச் சொன்னாவ."

"என்ன சொன்னா?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல கால் நிக்காதுக்கா, தாளம் போட்டுக்கிட்டே இருப்பாருன்னாவ. உங்களுக்கு ஒறக்கம் கெடாதான்னு கேட்டேன். இல்லக்கா, அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வந்துரும்னாவ."

எனக்கு அது தெரியாது. தூக்கத்தில் கால் ஆடுவது தெரியாது. அது நின்றால் அவள் விழிப்பாள் என்பதும் தெரியாது. அவள் போன பிறகு அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம்?"

இசக்கியம்மாள் ஆணியில் தொங்கிய தாம்பாளத்தைக் காட்டினாள். "காத்துல உப்பு ஏறிட்டா லாரிக்கு மனுசன் தெரியாது. இரும்பு தெரியும், தகரம் தெரியும். அதனால நாங்க ரோட்டைத் தாண்டும்போது தாம்பாளத்தைத் தலைக்கு மேல தூக்கிப் புடிப்போம். அது பளபளன்னு தெரியும், லாரி நின்னுரும். யார் வந்தாலும் நான்தான் கொண்டுபோய் அந்தப் பக்கம் விடுவேன். அன்னைக்கும் அவியகூட எறங்கி நடந்தேன்."

நிறுத்தினாள்.

"பாதி வழியில திரும்பிட்டேன். தாம்பாளம் என் கையில இருந்துது. திரும்பி நடக்கேன், பின்னால சத்தம் கேக்குது. நான் பாக்கல. ரெண்டாவது வரி நெசந்தான். பாக்கல. சத்தம் மட்டும்தான்."

"ஏன் திரும்புனீங்க?"

"கடையில சோலி."

"என்ன சோலி?"

தலையை ஆட்டினாள். "அது வேண்டாம்யா."

"நான் கேக்கணும்னுதான் என்னை இங்க அனுப்பியிருக்காங்க."

"அதைச் சொன்னா நான் பழியத் தூக்கி அவிய மேல வைக்கிற மாதிரி ஆயிரும். அவியளால வந்து இல்லன்னு சொல்ல முடியாதுல்லா. நான் திரும்பினேன். தட்டு என் கையில இருந்துது. அது போதும். நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க."

வெளியே கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டது. எனக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று உணர்ந்தேன். முகமுள்ள ஒருவர். இத்தனை மாதம் லாரி வரிசையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதை வெறுப்பது மழையை வெறுப்பது மாதிரி இருந்தது. இவளை வெறுக்கலாம். காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நின்றேன். அந்தத் தாம்பாளத்தைப் பார்த்தேன். அதில் என் நீலச் சட்டை தெரிந்தது.

"என்ன சட்னி?" என்று கேட்டேன்.

"என்னய்யா?"

"இட்லிக்கு."

"அன்னைக்குத் தேங்காய் இல்ல. தக்காளி."

"அவளுக்குத் தக்காளிச் சட்னி பிடிக்காது."

"பிடிக்காதா?" அவள் முகம் முதல்முறையாக மாறியது. "ரெண்டு தடவ கேட்டு வாங்குனாவளே! இத எங்க வீட்ல வச்சாத் தொட மாட்டேன்னும் சொன்னாவ."

வீட்டில் வைப்பது நான்தான். என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று நினைக்கிறேன். அவள் பயந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். லாரித் தண்ணீர். குடித்தேன்.

பந்தலுக்குத் திரும்பினோம். ஊர் முழுதும் அப்படியே நின்றிருந்தது. நான் செம்பைக் குடத்தில் முக்கினேன்.

"கையக் காட்டுங்க."

அவள் நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். செம்பு காலியாகும் வரை ஊற்றினேன். அவள் மூன்று வரிகளையும் சொன்னாள். மூன்றாவதில் கருவி மறுபடி சொடுக்கியது. ரஹ்மத் நிஷா அதை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"சுத்தம்," என்றார்.

யாரும் கை தட்டவில்லை. மருதாணிக் கைக்காரப் பெண் அழுதாள். லிங்கதுரை இசக்கியம்மாளைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

இசக்கியம்மாள் என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். "உங்க கையையும் காட்டுங்க."

"அது விதியில இல்லக்கா," என்றார் ரஹ்மத் நிஷா.

"விதியில இல்லாட்டி என்ன மேடம்? வெயிலா இருக்கு."

காட்டினேன். ஊற்றினாள். தண்ணீர் சூடாகத்தான் இருந்தது.

ரஹ்மத் நிஷா ஊரிலேயே சில வேலைகளை முடிக்க வேண்டும் என்றார். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். பாளையங்கோட்டைப் பக்கம் போகிற பஸ் சாலைக்கு அந்தப் பக்கம்தான் வரும். காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது, உதட்டில் உப்பு கரித்தது. இசக்கியம்மாள் கடைக்குள் போய்த் தாம்பாளத்தை எடுத்து வந்தாள்.

"நான் போயிருவேன்," என்றேன்.

"பேசாம வாங்க."

இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். என் முழங்கையை ஒட்டி நடந்தாள். தூரத்தில் லாரி வரிசை தெரிந்தது. லாரிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, மூச்சு விட்டு, நின்றன. முன் லாரியின் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. அதன் முன்னால் நாங்கள் நடந்து போனோம். பின்னால் ஊரில் எங்கோ செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. கட்டுகிறார்களா உடைக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் அவள் தாம்பாளத்தை இறக்கினாள். கை வலித்திருக்க வேண்டும், தோளைத் தேய்த்துக்கொண்டாள். பஸ் வருவது தெரிந்தது.

"என்ன சோலின்னு கேட்டியள்லா," என்றாள். "அப்பச் சொன்னா நான் தப்பிக்கச் சொன்ன மாதிரி இருக்கும். இப்பச் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"நடு ரோட்டுக்குப் போகும் முன்னால அவியதான் திரும்பிக் கடையப் பாத்தாவ. பாத்துட்டு என் தோளப் புடிச்சுத் தள்ளுதாவ. சிரிப்பு வேற."

பஸ் நின்றது. கதவு திறந்தது. நான் ஏறவில்லை.

"என்ன சொன்னா?"

இசக்கியம்மாள் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஹெப்சியின் குரலில் சொல்ல முயன்றாள். கொஞ்சம் வந்தது.

"அக்கா, நீங்க வராதீங்க. பால் பொங்குது பாருங்க, ஓடுங்க ஓடுங்க!"